வேகக் கூட்டல்: பழக்கமும் பகுத்தறிவும்

கற்றோர் கூடிப் பேசுமிடங்களில் ஒரு கூற்று அடிக்கடி நம் செவியில் விழுகின்றது. ‘ஒளியின் வேகத்தை நெருங்குமிடத்துப் பாதி வேகமும் பாதி வேகமும் கூடி முழு வேகம் ஆவதில்லை. இஃது அறிவுக்குப் பொருந்தாத செய்தியே. ஆயினும் பெரியோர் கண்டு கூறினமையின் ஏற்றுக்கொள்ள வேண்டுவதே’ என்பது அக்கூற்று. இதன் முற்பகுதி மெய். பிற்பகுதி பொய், பொய்யாதலோடு தீங்கும் பயப்பது. அப்பிற்பகுதியை மறுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் தமிழ் பயிலும் மாணவர்; இயற்பியற் கூடத்தில் எமக்கு இருக்கை இல்லை. எனினும், அறிவுக்குப் பொருந்துவது யாது, பொருந்தாதது யாது என்னும் ஆராய்ச்சி எல்லா மாணவர்க்கும் பொதுவாதலின், இது பற்றிப் பேச எமக்கும் உரிமை உண்டு என்று துணிகின்றோம்.

வேகங்களைக் கூட்டும் பழைய முறையை முதற்கண் நோக்குவாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இரயில்வண்டியினுள், அது செல்லும் திசையிலேயே ஒருவன் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கின்றான். நிலையத்தில் நிற்பவர்க்கு அவன் மணிக்கு 65 கிலோமீட்டர் செல்வான் என்று கணக்கிடுகின்றோம். நீரோட்டத்தோடு ஓடம் செலுத்துபவனும் இக்கணக்கையே கொள்கின்றான். இது யாரும் கற்பியாமலே நமக்கு வந்த கணக்கு. நாளும் பொய்யாத கணக்கு. ஆதலின் இதனை இயற்கையின் விதி என்று கருதுவதோடு அமையாது, அறிவின் ஆணை என்றே கருதிவிட்டோம். பிழை புகுந்த இடம் இதுவே.

நிற்க. புதிய முறை வருமாறு. ஒளி வெற்றிடத்தில் விநாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர் செல்வது. அவ்வேகத்தை ஒன்று எனக் கொண்டு, பிற வேகங்களை அதன் பின்னங்களாகக் குறிப்பாம். இரு வேகங்களைச் சேர்க்கவேண்டின், அவற்றைக் கூட்டி ஒரு தொகை காண்க. பின்னர் அவ்விரண்டையும் பெருக்கி, வந்ததனோடு ஒன்றைக் கூட்டுக. முன்னைத் தொகையைப் பின்னைத் தொகையால் வகுக்க, கிடைப்பதே சேர்ந்த வேகம். 1905-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் பணிபுரிந்த 26 வயதினரான ஐன்ஸ்டைன் வெளியிட்ட விதி இது. பள்ளிச் சிறுவர் அறிந்த பின்னக் கணக்கினும் மேற்பட்டது இதில் ஒன்றும் இல்லை.

எடுத்துக்காட்டுக் காண்க. ஒளியின் வேகத்திற் பாதியோடு செல்லும் ஊர்தியினின்று, முன்னோக்கி, மீண்டும் பாதி வேகத்தில் ஒரு பொருள் எறியப்படுகின்றது. பாதியும் பாதியும் கூட்ட ஒன்று. அவற்றைப் பெருக்கக் கால். அதனோடு ஒன்று கூட்ட ஒன்றேகால். ஒன்றை ஒன்றேகாலால் வகுக்க ஐந்தில் நான்கு. ஆகவே, தரையில் நிற்பவர்க்கு அப்பொருள் ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கே செல்லும். முக்காலும் முக்காலும் சேர்ந்தால் 25-இல் 24 பங்கு ஆகும். பத்தில் ஒன்பதும் பத்தில் ஒன்பதும் சேர்ந்தால் 0.994 ஆகும். ஊர்தியினின்று எறியப்படுவது ஒளியேயாயின் என்னாம்? ஒன்றும் பாதியும் கூட்ட ஒன்றரை, பெருக்கி ஒன்று கூட்ட அதுவும் ஒன்றரை, வகுக்க ஒன்று. ஊர்தி எவ்வளவு விரைந்தாலும் விடை ஒன்றே. ஒளியோடு எதனைக் கூட்டினும் ஒளியின் வேகமே எஞ்சும்.

இவ்விதி மெய்யாயின், இரயில்வண்டியில் நடந்தவன் கணக்கு இதுகாறும் பொய்யாகாதது எங்ஙனம்? அதுவும் உண்மையில் நுண்ணிதாய்ப் பொய்த்தே வந்துளது. அவன் ஒரு மணி நேரம் இடைவிடாது நடத்தற்கேற்ற நெடிய வண்டி கிடைக்குமாயின், 65 கிலோமீட்டரினின்று குறையும் தொலைவு ஓர் அணுவின் குறுக்களவினும் சிறிதாகும். எக்கோலால் இதனை அளப்பது? எவர் கண்ணுக்கு இது புலனாவது? இரு வேகங்களும் ஒளியின் வேகத்திற் பத்தில் ஒரு பங்காய் வளர்ந்த பின்னரே குறை நூற்றுக்கு ஒன்று என்னும் அளவை எட்டும். ஆதலின் நம் முன்னோரும் நாமும் ஏமாற்றப்பட்டோம் அல்லேம். மெல்ல இயங்கும் பொருள்களிடையே வாழ்கின்றோம், அவ்வளவே.

இங்கே ஒரு தடை எழும். ‘பாதியும் பாதியும் ஒன்று என்பது கணிதம், இயற்கை கணிதத்தை மீறுமோ?’ என்பர். மீறாது. ஓர் அரைப்படி நெல்லோடு மற்றோர் அரைப்படி நெல்லைச் சேர்க்க எக்காலத்தும் ஒரு படியே ஆகும். ஐயம் கூட்டலைப் பற்றியதன்று. வேகம் என்பது நெல்லைப்போலக் கூட்டத்தக்க பொருள்தானா என்பதைப் பற்றியது. 100 ரூபாய் விலையுள்ள ஆடைக்குப் பாதி தள்ளுபடி; அதன்மேல் மீண்டும் பாதி தள்ளுபடி என்று கடைக்காரர் அறிவித்தால், அவ்வாடை இலவசம் என்று எவரேனும் கருதுவரோ? விலை 25 ரூபாய் என்பதை யாவரும் அறிவர். இரண்டாம் பாதி, குறைந்த விலையின் பாதியேயன்றி முதல் விலையின் பாதியன்று. இனி, இரண்டு அடி நீளத்திற்கு ஓரடி உயரும் சாய்வுப் பலகை ஒன்றன்மேல், அதே சரிவுள்ள ஆப்பு ஒன்றனை அடுக்குக. கோணங்கள் கூடும், சரிவுகள் கூடா. மேற்பரப்பின் சரிவு ஒன்றாகாது, ஒன்றும் மூன்றில் ஒன்றும் ஆகும். இது கட்டடத் தச்சர்க்கு வியப்பன்று. கூட்டல் எங்கும் செல்லும் என்று அறிவு ஒருபோதும் ஆணையிட்டதில்லை. இரண்டு அளவுகளைக் கூட்டுமுன், ‘இரண்டும் ஒரே கோலால் அளக்கப்பட்டனவோ?’ என்று வினவுதலே அறிவின் ஆணை.

அவ்வினாவை வண்டியில் நடப்பவனிடத்து எழுப்புவாம். வேகம் என்பது சென்ற தொலைவைச் சென்ற நேரத்தால் வகுத்தது. வண்டியின் 60 கிலோமீட்டர் நிலையத்தாருடைய கோலாலும் கடிகாரத்தாலும் அளந்தது. நடப்பவனுடைய 5 கிலோமீட்டரோ வண்டியிலுள்ளார் கோலாலும் கடிகாரத்தாலும் அளந்தது. ஓரூர் மரக்காலால் அளந்ததையும் வேற்றூர் மரக்காலால் அளந்ததையும், மரக்கால்களை ஒத்துநோக்காது கூட்டினோம். இரண்டும் ஒன்றே என்று கொண்டது பழக்கம், ஆராய்ந்து கொண்டதன்று.

அவை ஒன்றல்ல என்பதற்குக் காரணம் யாது? சீராய் ஓடும் கப்பலின் உள்ளறையில் இருப்பவர், வெளியே நோக்காது, கப்பல் ஓடுகின்றதோ நிற்கின்றதோ என்று அறிதல் இயலாது என்பதைக் கலிலியோ 1632-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஐன்ஸ்டைன் இதனைத் தள்ளவில்லை, இறுகப் பற்றிக்கொண்டார். அதனோடு, வெற்றிடத்தில் ஒளியின் வேகம் சீராய் இயங்குவார் எல்லார்க்கும் ஒன்றே என்பதைச் சேர்த்தார். இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பின் விளைவதைக் காண்க. வண்டிப் பெட்டியின் நடுவில் ஒரு விளக்கு ஏற்றப்படுகின்றது. அதன் ஒளி முன்சுவரையும் பின்சுவரையும் ஒரே கணத்தில் அடைந்தது என்று வண்டியிலுள்ளார் கூறுவர். அவர் தம் இரு முனைக் கடிகாரங்களையும் அக்கணத்தைக்கொண்டு பொருத்துவர். நிலையத்தில் நிற்பாரோ, ‘பின்சுவர் ஒளியை எதிர்நோக்கி வந்தது, முன்சுவர் அதனினின்று விலகி ஓடிற்று. ஒளியின் வேகம் இரு திசையிலும் ஒன்றே. ஆகவே பின்சுவரையே ஒளி முன்னர் அடைந்தது’ என்பர். எனவே வண்டியின் முன்முனைக் கடிகாரம் பின்முனைக் கடிகாரத்தினும் பிந்திப் பொருத்தப்பட்டது என்பது அவர் முடிபு.

இனி நடப்பவனை நோக்குக. அவன் பின்முனையில் நின்ற கடிகாரத்தைக் கண்டு புறப்படுகின்றான். முன்முனைக் கடிகாரத்தைக் கண்டு, சேர்ந்த நேரத்தைக் குறிக்கின்றான். அம்முன்முனைக் கடிகாரம் நிலையத்தார் கணக்கில் பிந்தியது. ஆகவே, அவன் குறித்ததனினும் மிகுதியான நேரம் உண்மையில் கழிந்தது என்று அவர் கூறுவர். நேரம் மிகுந்தமையின் வேகம் குறைந்தது. வகுக்கும் எண்ணில் ஒன்றோடு வந்து சேர்ந்த அச்சிறு பெருக்கத்தொகை இதுவேயாம். இயங்கும் கோல் சுருங்குதலும் இயங்கும் கடிகாரம் மெல்லச் செல்லுதலும் இக்கொள்கையின் வேறிரு விளைவுகள். அவை பின்னத்தின் மேலும் கீழும் ஒரே அளவாய் வந்து, தம்முள் நீங்கிவிடுகின்றன. எஞ்சி நிற்பது, ‘ஒரே கணம்’ என்னும் சொல்லுக்கு இருவர் கொள்ளும் பொருள் வேறுபாடு ஒன்றே. ஒரு சொல்லின் பொருளை ஆராய்ந்ததனால் பௌதிகத்தின் அடித்தளம் மாறிற்று என்பது, சொல்லாராய்ச்சியே தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு மிக்க மகிழ்ச்சி தருவதாம்.

எம் கொள்கைக்கு மற்றும் ஒரு வலிமை உண்டு. 1910-இல் இக்னாடோவ்ஸ்கி என்னும் அறிஞர், ஒளியின் பேச்சையே எடாது, ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினார். இடமும் காலமும் எங்கும் ஒரு தன்மையன. திசைகளுள் ஏற்றத்தாழ்வு இல்லை. சீராய் இயங்குவார் எல்லார்க்கும் இயற்கையின் விதி ஒன்றே. இவற்றை மட்டும் கொண்டால், வேகங்கள் சேரும் முறை மேற்கூறிய வடிவத்தையே பெறும். ஆனால், அப்பெருக்கத்தொகையை எவ்வெண்ணால் பெருக்கிச் சேர்ப்பது என்பது மட்டும் துணியப்படாது நிற்கும். அவ்வெண் சுழியாயின் பழைய கூட்டல். சுழியன்றாயின், எவராலும் கடக்கலாகாத ஒரு வேகம் உண்டு. இரண்டும் அறிவுக்கு ஒத்தனவே. எது மெய் என்பதை இயற்கையிடம் சென்றே கேட்டல் வேண்டும். பழக்கம், கேளாமலே, ‘சுழி’ என்று விடை எழுதிக்கொண்டது. அறிவுக்குப் பொருந்தாத செய்தி என்பாரை யாம் மறுப்பது இதுபற்றியே. அறிவு இரண்டு கதவுகளையும் திறந்தே வைத்திருந்தது. ஒன்றை அடைத்தது பழக்கம்.

இயற்கை அளித்த விடை யாது? வியப்பு என்னவெனின், ஐன்ஸ்டைன் விதியை எழுதுதற்கு 54 ஆண்டுகள் முன்னரே அவ்விடை கைக்கு வந்திருந்தது. 1851-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபீஸோ, குழாய்களில் விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வேகத்தில் நீரை ஓடச்செய்து, அந்நீரோட்டத்தோடும் அதற்கு எதிராகவும் ஒளியைச் செலுத்தினார். நீரில் ஒளி, வெற்றிடத்திற் செல்வதில் முக்கால் பங்கு வேகமே உடையது. பழைய கூட்டலின்படி நீரின் வேகம் முழுதும் ஒளியோடு சேர்தல் வேண்டும். அவர் கண்டதோ, அதிற் பாதிக்கும் குறைவான பங்கே சேர்ந்தது என்பது. 1886-இல் மைக்கெல்சனும் மார்லியும் இச்சோதனையைத் திருத்தமாக மீண்டும் செய்து, சேர்ந்த பங்கு 0.434 என்று கண்டனர். அவர்தம் அளவையின் ஐயப்பாடு 0.02. இனி நம் பின்னக் கணக்கைச் செய்து பார்க்க: முக்காலோடு ஒரு சிறு வேகத்தைப் புதிய முறையிற் சேர்த்தால், அச்சிறு வேகத்தில் 16-இல் 7 பங்கே கூடும், அஃதாவது 0.4375. இப்பொருத்தத்தை 1907-இல் லௌவே என்னும் ஜெர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டினார்.

அதற்கு முன்னர் இவ்வுண்மைக்கு என்ன காரணம் கூறப்பட்டது? ஈதர் என்னும் நுண்பொருள் எங்கும் நிறைந்துளது; ஓடும் நீர் அதனைச் சிறிதளவே இழுத்துச் செல்லும் என்று 1818-இல் ஃபிரெனெல் கருதியதையே பலரும் கொண்டனர். ஒளியின் நிறத்திற்கேற்ப நீரில் அதன் வேகம் வேறுபடுவதால், ஒவ்வொரு நிறத்திற்கும் ஈதர் ஒவ்வோர் அளவில் இழுக்கப்படல் வேண்டும் என்னும் இடர்ப்பாடு அதில் இருந்தது. அவ்விடர்ப்பாட்டைத் தாங்கிக்கொண்டனரே ஒழிய, கூட்டலை ஐயுற எவரும் துணிந்திலர். பேரறிஞர்களையும் பழக்கம் எத்துணை இறுகப் பிணிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நேரிய சான்றும் உண்டு. 1964-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், ஆல்வேகரும் அவருடைய துணைவரும், ஒளியின் வேகத்தில் 0.99975 பங்கோடு விரைந்த நடுநிலைப் பையான் என்னும் துகள்கள் சிதைந்து முன்னோக்கி வீசிய காமாக் கதிர்களின் வேகத்தை அளந்தனர். காமாக் கதிரும் ஒளியின் இனமே. பழைய கூட்டல் மெய்யாயின், அவை ஒளியினும் ஏறக்குறைய இருமடங்கு விரைதல் வேண்டும். அவை ஒளியின் வேகத்தினின்று பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவும் வேறுபட்டதாகக் காணப்படவில்லை.

இனி, இவ்விதியைப் பற்றி வழங்கும் இரு மயக்கங்களைச் சுருங்கக் களைவாம். அதே செர்ன் கூடத்தின் பெருவளையத்தில், ஒளியினும் விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டரே குறைந்த வேகத்தோடு புரோட்டான்கள் எதிரெதிரே ஓடி மோதுகின்றன. அவற்றின் இடைவெளி, நம் கணக்கில், ஒளியின் வேகத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் குறைகின்றது. இது விதிக்கு மாறன்று. இரு வேகங்களும் நம் கோலாலேயே அளந்தன ஆதலின் அங்கே நேரிய கூட்டல் செல்லும். இடைவெளி குறைதல் எப்பொருளின் செலவும் அன்று. ஒரு புரோட்டானின் மீதிருந்து மற்றதை அளப்பின், அது ஒளியினும் குறைந்த வேகமே உடையதாகும்.

இரண்டாவது மயக்கம் பெரிது. ‘எல்லாம் சார்புடையதே, ஆதலின் நிலையான உண்மை ஒன்றும் இல்லை’ என்று இவ்விதியை மேற்கோளாக்கிப் பேசுவார் பலர். விதி கூறுவது இதன் மறுதலை. நிலையத்தானுடைய அளவும் வண்டியிலிருப்பவனுடைய அளவும் வேறுபடும். ஆனால் ஒன்றனை அறிந்தால் மற்றதனை ஐயமின்றிக் கணிக்கலாம். ஒளியின் வேகம் இருவர்க்கும் ஒன்று. இயற்கையின் விதி இருவர்க்கும் ஒன்று. மேலும், 1911-இல் ராப் என்னும் அயர்லாந்து அறிஞர் பெயரிட்ட வேறோர் அளவைக்கொண்டு குறித்தால், இயக்கங்கள் மீண்டும் நேரிய கூட்டலுக்கே அடங்குகின்றன; சரிவுகள் கூடாவிடினும் கோணங்கள் கூடுதல் போல்வது இது. ஒழுங்கு அழியவில்லை, நாம் தேடிய இடத்தில் இல்லாது, அதனினும் ஆழ்ந்த இடத்தில் இருந்தது.

இத்துணையும் விரித்தமைக்குக் காரணம் உண்டு. ‘அறிவுக்குப் பொருந்தாதாயினும் ஏற்றுக்கொள்க’ என்று அறிவியலின் பெயரால் ஒருமுறை தலைவணங்கப் பழகிய மாணவன், மறுமுறை எவர்க்குத் தலைவணங்க மறுப்பான்? புரியாமையே பெருமைக்கு அடையாளம் என்று அவன் உள்ளத்தில் பதிந்துவிட்டால், புரியாத சொற்களை அடுக்கும் ஒவ்வொருவரும் அவனுக்கு அறிஞராவர். ‘சார்பியலும் அறிவைக் கடந்ததன்றோ? எம் கூற்றும் அத்தகையதே’ என்று சொல்லித் தம் சரக்கை விற்பார் இந்நாளில் அரியரல்லர். அவர்க்கு விடை கூற வேண்டின், சார்பியல் அறிவைக் கடந்ததன்று என்பதை நாம் தெளிந்திருத்தல் வேண்டும். அது சோதனையால் நிறுவப்பட்டது. பின்னக் கணக்கால் சரிபார்க்கத்தக்கது. எவருடைய பெருமையையும் சார்ந்து நில்லாதது.

ஆதலின் யாம் வேண்டுவது ஒன்று. இவ்விதியை இயற்பியல் மாணவர் தேர்வுக்கு ஒப்பிக்கும் சூத்திரமாகவும், ஏனையோர் கேட்டு வியக்கும் புதுமையாகவும் பிரித்து வையாது, கல்லூரியிற் புகும் மாணவர் எல்லார்க்கும், ஒரு மணி நேர அளவிலேனும், தமிழிலேயே விளக்குதல் வேண்டும். மேலே யாம் கையாண்ட கணக்கு எதுவும் பள்ளிக் கல்வியைக் கடந்ததன்று. கையாண்ட சொற்களும் நம் வழக்கில் உள்ளனவே. தமிழ் மன்றத்தின் கூட்டங்களுள் ஒன்றை இதற்கென ஒதுக்குதலும், இயற்பியற் பேராசிரியர்களை அதற்கு அழைத்தலும் அரிய செயல்களல்ல. ‘இலக்கிய மாணவர்க்கு இஃது எதற்கு?’ என்பாரை நோக்கி யாம் கூறுவது: ‘ஒரே கணம்’ என்னும் தொடரின் பொருளை ஆராயாது விட்டமையாலன்றோ உலகம் நெடுங்காலம் மயங்கிற்று? பொருள் ஆராய்தல் எம் தொழில் அன்றோ?

நாம் கண்டறிந்த அளவில் உண்மையானதை, எங்கும் உண்மை என்று விரித்துக்கொள்ளுதல் மக்கள் இயல்பு. அங்ஙனம் விரித்தது பொய்த்த இடத்தில், ‘அறிவு தோற்றது’ என்று கூறாது, ‘பழக்கம் தோற்றது, அறிவு வென்றது’ என்று கூறக் கற்றோமாயின், பாதியும் பாதியும் சேர்ந்து ஐந்தில் நான்கு ஆகும் இச்சிறு கணக்கு நமக்குப் பெரும்பயன் அளித்ததாகும்.